இத்தாலியின் பழைய நகரங்களை ரயிலில் பார்க்க: செட்டிநாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்வருகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரே மூச்சில் நான்கைந்து தேசங்களைச் சுற்றிக்காட்டும் குழுச் சுற்றுலாவில் சேர்ந்து, இத்தாலியைப் பேருந்தின் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த ஏற்பாட்டில் சாப்பாட்டுக் கவலையும் பாஷைக் கவலையும் கிடையாது என்பது உண்மை. ஆனாலும் இத்தாலி என்ற ஒரு நாட்டுக்கு மட்டுமாவது அந்த வழி வேண்டாம், ரயிலில் போங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அங்கே பல பழைய நகரங்களின் உட்பகுதிக்குள் சுற்றுலாப் பேருந்துகளை விடுவதில்லை. ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு, குறித்த நேரத்துக்குள் திரும்பி வரச் சொல்வார்கள். ரயில் நிலையமோ பெரும்பாலான ஊர்களில் பழைய நகரத்தின் விளிம்பை ஒட்டியே இருக்கிறது. இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஊரின் நடுச் சதுக்கத்துக்கு வந்துவிடலாம். எப்போது திரும்புவது என்பது உங்கள் விருப்பம். எழுபது வயதைக் கடந்த அப்பச்சியும் ஆத்தாவும் எங்களோடு வந்தார்கள் என்பதால், மூத்தவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு வேண்டிய விவரங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எந்த ஊர்களில் தங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எந்த ஊர்களைப் பார்ப்பது என்பது அதிலிருந்து தானாக வரும். வடக்கே மிலானிலிருந்தும் வெனிஸிலிருந்தும் வரும் இரண்டு பாதைகள் போலோன்யாவில் ஒன்று சேர்ந்து, அங்கிருந்து ஃப்ளோரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ் என்று தெற்கே ஒரே கோடாக இறங்குகின்றன. அதிவேக ரயிலில் வெனிஸிலிருந்து போலோன்யாவுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம், போலோன்யாவிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு ஏறக்குறைய 40 நிமிடம், ஃப்ளோரன்ஸிலிருந்து ரோமுக்கு மறுபடி ஒன்றரை மணி நேரம், ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு 1 மணி 10 நிமிடம். காரைக்குடியில் பல்லவன் ஏறி எழும்பூரில் இறங்கும் நேரத்துக்குள் அந்தத் தேசத்தின் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். இந்த வேகத்தைப் பார்த்ததும் தினம் ஒரு ஊரில் இரவு தங்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வருகிறது. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறை விடுதி மாறும்போதும், பெட்டி கட்டுவது, அறையைக் காலி செய்வது, அடுத்த அறை தயாராகும் வரை காத்திருப்பது என்று அரை நாள் போய்விடும். வெனிஸில் இரண்டு இரவு, போலோன்யாவில் மூன்று, ஃப்ளோரன்ஸில் மூன்று, ரோமில் நான்கு, நேப்பிள்ஸில் இரண்டு என்று இரண்டு வாரத்தைப் பிரித்துக்கொண்டு, மற்ற ஊர்களுக்கெல்லாம் காலையில் கைப்பையோடு போய் இரவு திரும்பிவிடுவதே நான் சிபாரிசு செய்யும் முறை. ஒரு வாரம் மட்டுமே கைவசம் உள்ளவர்கள் ஃப்ளோரன்ஸ், ரோம் என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அங்கே ஓடும் ரயில்களை இரண்டு வகையாகப் புரிந்துகொண்டால் டிக்கெட் விஷயம் முழுவதும் தெளிவாகிவிடும். முதல் வகை அதிவேக ரயில்கள். அரசு நிறுவனமான டிரெனிட்டாலியா ஓட்டும் ஃப்ரெச்சாரோஸ்ஸாவும், 2012 முதல் ஓடும் தனியார் நிறுவனமான இத்தாலோவும் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் வரை போகின்றன. இவற்றில் இருக்கை முன்பதிவு கட்டாயம். விமான டிக்கெட்டைப் போலவே நாள் நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும். மாதக்கணக்கில் முன்னதாக வாங்கினால் பாதிக்கும் குறைவான விலையில்கூடக் கிடைக்கும், ஆனால் அந்த மலிவு டிக்கெட்டுகளை மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ பெரும்பாலும் முடியாது. ஆகவே ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா கைக்கு வந்த பிறகே இவற்றை வாங்குங்கள். விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம் என்பதால் இதில் சிரமம் இல்லை. இரண்டாவது வகை ரெஜியோனாலே எனப்படும் வட்டார ரயில்கள். இவற்றுக்கு முன்பதிவும் கிடையாது, நாளுக்கு நாள் மாறும் கட்டணமும் கிடையாது. தூரத்துக்கு உரிய கட்டணத்தைக் கொடுத்து ஏறும் நாளிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு விதியை மட்டும் மறந்துவிடக் கூடாது. காகித டிக்கெட் என்றால், ஏறுவதற்கு முன் நடைமேடை அருகே இருக்கும் சிறிய இயந்திரத்தில் செருகி நேர முத்திரை பதிக்க வேண்டும். கைப்பேசியில் வாங்கியது என்றால், ரயில் கிளம்புவதற்கு முன் அதிலேயே செக்-இன் செய்ய வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் இதைச் செய்யாதவர்களுக்கு அபராதம் விதிக்கிறார்கள். வெளிநாட்டவர் என்பதற்காக விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பல நாளுக்குச் செல்லும் ரயில் பாஸ் பற்றிப் பலர் விசாரிக்கிறார்கள். அதை வைத்திருந்தாலும் அதிவேக ரயிலில் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பதால், மேலே சொன்ன மாதிரிப் பயணத்துக்குத் தனித்தனி டிக்கெட்டே லாபம்.

வேகத்துக்கு ஒரு விலை உண்டு. போலோன்யாவுக்கும் ஃப்ளோரன்ஸுக்கும் நடுவே அப்பெனைன் மலையை அதிவேகப் பாதை கிட்டத்தட்ட முழுவதும் குகைக்குள்ளேயே கடக்கிறது. ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கினாலும் இருட்டைத்தான் பார்க்க முடியும். ஃப்ளோரன்ஸுக்கும் ரோமுக்கும் நடுவேயாவது ஒரு முறை வட்டார ரயிலில் போக வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஆனால் அரெட்சோ, கோர்த்தோனா, ஓர்வியேத்தோ என்று குன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஊர்கள் ஒவ்வொன்றாக ஜன்னலில் வந்து போகும், ஆலிவ் தோட்டங்களும் திராட்சைத் தோட்டங்களும் கை நீட்டும் தூரத்தில் வரும், நினைத்த ஊரில் இறங்கிக்கொள்ளவும் செய்யலாம்.

வெனிஸிலிருந்து தொடங்குவது நல்லது. நடை அதிகம், படி ஏறி இறங்கும் பாலங்கள் அதிகம் என்பதால், உடம்பில் தெம்பு இருக்கும்போதே அதை முடித்துக்கொள்ளலாம். டிக்கெட் வாங்கும்போது வெனெட்சியா சாந்த்தா லூச்சியா என்ற பெயரைப் பார்த்து வாங்குங்கள். அதற்கு முந்தைய மெஸ்த்ரே நிலையம் நிலப்பரப்பில் இருப்பது. அங்கே இறங்கிவிட்டால் வெனிஸ் இன்னும் பத்து நிமிட ரயில் தூரம். மெஸ்த்ரேயைத் தாண்டியதும் ரயில் 1846-இல் திறக்கப்பட்ட பாலத்தின் மேல் காயலைக் கடக்கிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வாகனம், சாலை, சிக்னல் எதுவும் இல்லை. படிக்கட்டின் அடியிலேயே பெரிய கால்வாய் ஓடுகிறது, எதிர்க்கரையில் சான் சிமியோனே தேவாலயத்தின் பச்சைக் குவிமாடம் நிற்கிறது. விடுதியை நிலையத்திலிருந்து பாலம் ஏறாமல் போகக்கூடிய இடத்தில், அல்லது படகுத் துறைக்கு மிக அருகில் பிடியுங்கள். சக்கரம் வைத்த பெட்டியைப் பாலத்துக்குப் பாலம் தூக்கி இறக்குவது மூத்தவர்களால் ஆகாத காரியம். இரவு தங்காமல் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம், 2024 முதல், கூட்டம் மிகும் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வசூலிக்கிறார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போலோன்யாவை நம்மவர்கள் யாரும் பயணத் திட்டத்தில் சேர்ப்பதில்லை. எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. 1088-இல் தோன்றியதாகக் கொள்ளப்படும் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. ஊர் முழுவதும் வீடுகளின் முன்பக்கம் தூண் வரிசையும் மேல்தளமுமாக நடைபாதைகள் போகின்றன. எல்லாவற்றையும் சேர்த்தால் 62 கிலோமீட்டர். 2021-இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வெயிலோ மழையோ படாமல், குடை விரிக்காமல் நாள் முழுவதும் நடக்க முடிகிற ஊர் என்பதால் மூத்தவர்களுக்கு இதைவிட ஏற்ற இடம் இல்லை. நிலையத்தின் இடது பக்கச் சுவரில் 10.25-இல் நிறுத்திவைத்த கடிகாரம் ஒன்று இருக்கிறது. 1980 ஆகஸ்ட் 2-ஆம் தேதி அங்கே வெடித்த குண்டில் 85 பேர் இறந்தார்கள். காத்திருப்பு அறையில் அவர்களுடைய பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் நின்று வாசித்துவிட்டுப் போங்கள். அதிவேக ரயில்கள் நிற்கும் நடைமேடைகள் இந்த நிலையத்தில் பல அடுக்கு கீழே, பூமிக்கு அடியில் உள்ளன. மேலே நிற்கும் வட்டார ரயிலிலிருந்து அங்கே போய்ச் சேரப் பத்து நிமிடத்துக்கு மேலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

போலோன்யாவில் தங்குவதன் பெரிய பலன் ராவென்னா. வட்டார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மேற்கு ரோமானியப் பேரரசின் கடைசிக் காலத்தில் தலைநகராக இருந்த ஊர் அது. அதன் பிறகு பைசாந்தியம் எனப்படும் கிழக்கு ரோமானியப் பேரரசின் கைக்குப் போனது. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளின் மொசைக் வேலைப்பாடு அங்கே கெடாமல் இருப்பதைப் போல வேறெங்கும் பார்ப்பது அரிது. கல்லா பிளாச்சிதியாவின் நினைவிடம் வெளியே இருந்து பார்த்தால் செங்கல்லால் கட்டிய சிறிய கட்டடம், அவ்வளவுதான். உள்ளே போனால், அலபாஸ்டர் கல் பதித்த சின்னச் சன்னல்கள் வழியாக வரும் மஞ்சள் வெளிச்சத்தில், தலைக்கு மேலே கருநீல வானமும் அதில் வரிசை வரிசையாகப் பொன் நட்சத்திரங்களும் தெரிகின்றன. ஒவ்வொரு கண்ணாடித் துண்டையும் ஒரே மட்டமாகப் பதிக்காமல் சற்றே சாய்த்துப் பதித்திருப்பதால், நாம் ஓர் அடி நகர்ந்தாலும் வெளிச்சம் வேறொரு நட்சத்திரத்துக்குத் தாவுகிறது. ஒரு குழுவுக்கு ஐந்து நிமிடம்தான் அனுமதி என்பதால் படம் எடுப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். பக்கத்திலேயே 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் வித்தாலே தேவாலயத்தில் பேரரசன் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் பரிவாரத்தோடு நேருக்கு நேர் நிற்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே கூட்டு டிக்கெட் உண்டு. நேரம் மிஞ்சினால் ரயிலில் அடுத்த நிறுத்தமான கிளாஸ்ஸே போய், அங்குள்ள சான்த் அப்பொல்லினாரே தேவாலயத்தையும் பார்த்துவிடலாம்.

வெனிஸுக்கும் போலோன்யாவுக்கும் நடுவே பாதுவா இருக்கிறது. பலகையில் பாதோவா என்றிருக்கும். அங்கே இறங்கச் சொல்வதற்கு ஒரே காரணம் ஸ்க்ரோவெக்னி சிற்றாலயம். லேவாதேவியில் பெரும் பொருள் சேர்த்த குடும்பத்தின் வாரிசு எழுப்பிய அந்த ஆலயத்தின் சுவர்கள் முழுவதும் ஜொத்தோ ஏறத்தாழ 1305-இல் தீட்டி முடித்த ஓவியங்கள். முன்பதிவு இல்லாமல் போகக் கூடாது. ஈரமும் தூசியும் உள்ளே போகாதிருக்க, முதலில் ஓர் அறையில் 15 நிமிடம் உட்காரவைத்து, அதன் பிறகே ஆலயத்துக்குள் 15 நிமிடம் விடுகிறார்கள். நிலையத்தில் பெட்டிகளை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த ரயிலைப் பிடித்துவிடலாம்.

ஃப்ளோரன்ஸில் சாந்த்தா மரியா நொவெல்லா நிலையத்துக்கு டிக்கெட் எடுங்கள். காம்ப்போ தி மார்த்தே என்று இன்னொன்று இருக்கிறது, அது தள்ளி இருப்பது. நிலையத்திலிருந்து பேராலயம் பத்து நிமிட நடை. 1420-இல் தொடங்கி 1436-இல் புருனெல்லெஸ்கி முடித்த குவிமாடத்தைப் பற்றியும் உஃபிட்சி காட்சிக்கூடத்தைப் பற்றியும் எழுதாதவர் இல்லை என்பதால் நான் அவற்றை விட்டுவிடுகிறேன். இரண்டுக்கும் முன்பதிவு வேண்டும், குவிமாடத்துக்கு 463 படி ஏற வேண்டும், மின்தூக்கி கிடையாது என்பது மட்டும் போதும். செட்டிநாட்டிலிருந்து போகிறவர்கள் அங்கே கவனித்துப் பார்க்க வேண்டியவை வணிகர்களின் வீடுகள். மெடிச்சி குடும்பம் 1397-இல் வங்கித் தொழிலைத் தொடங்கி ரோம், வெனிஸ், ஜெனீவா, புரூஜ், லண்டன் என்று கிளைகளை வைத்து, ஊரிலிருந்து ஆட்களை அனுப்பி நடத்தியது. இரங்கூனிலும் பினாங்கிலும் கிட்டங்கி வைத்து, மேலாள் அனுப்பித் தொழில் செய்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1444-இல் தொடங்கிய அவர்களுடைய மாளிகை பேராலயத்துக்கு அருகிலேயே காவூர் தெருவில் இருக்கிறது. கீழ்த்தளத்தின் கற்கள் செதுக்காமல் முண்டும் முடிச்சுமாக இருக்கும். அடுத்த தளத்தில் சீராகும். மேல்தளத்தில் மழமழவென்று இழைத்திருக்கும். தெருவை ஒட்டிய சுவரின் அடியில், கட்டடத்தின் நீளத்துக்கும் ஒரு கல் இருக்கை ஓடுகிறது. காரியமாக வந்தவர்கள் கூப்பிடும் வரை உட்கார்ந்திருப்பதற்கும் தெருவில் போகிறவர்கள் இளைப்பாறுவதற்கும் கட்டியது. திண்ணை என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. அப்பச்சி அதைப் பார்த்ததும் கேட்காமலே போய் உட்கார்ந்துவிட்டார். வாசலைக் கடந்தால் நாற்புறமும் தூண்களோடு திறந்த முற்றம். மாடியில் 1459 வாக்கில் பெனோட்சோ கோட்சோலி வரைந்த சிறு பூசை அறை ஒன்று இருக்கிறது; கீழைத்தேச அரசர்களின் ஊர்வலம் என்ற பெயரில் மெடிச்சி குடும்பத்தாரையே சுவர் முழுவதும் குதிரை மேல் ஏற்றியிருக்கிறார்கள். உஃபிட்சியில் நிற்கும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே இருப்பதில்லை.

ஃப்ளோரன்ஸிலிருந்து ஒரு நாள் அரெட்சோவுக்குப் போய்வருவதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். வட்டார ரயிலில் ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், ரோமானிய அரங்கத்தின் இடிபாட்டின் மேல் கட்டிய பழைய மடம் ஒன்றில் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வைத்திருப்பது பவளச் சிவப்பில் வழவழப்பாகப் பளபளக்கும் மட்பாண்டங்கள். கிறிஸ்து பிறப்புக்குச் சற்று முன்னும் பின்னுமாக இந்த ஊர்ப் பட்டறைகளில் அச்சு வைத்துச் செய்து, அடியில் பட்டறைக்காரரின் பெயர் முத்திரையைக் குத்திக் கப்பலேற்றியவை. 1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டியபோது கிடைத்த, இந்த ஊரின் பெயரால் அரெட்டைன் எனப்படும் பானை ஓடுகள் இந்த வகைப் பாண்டங்களுடையவைதான். அவற்றை வைத்தே அந்தத் துறைமுகத்தின் காலத்தை அவர் கணித்தார். நம் கரையில் உடைந்த துண்டாகக் கிடைத்ததை இங்கே முழுப் பாத்திரமாகப் பார்க்கிறோம். சின்ன வயதில் சங்க காலக் கடல் வணிகத்தைப் பாடமாகப் படித்த எவருக்கும் அந்த அறையை விட்டு எளிதில் வெளியே வர மனம் வராது. மேலே போனால் சான் ஃபிரான்செஸ்கோ தேவாலயத்தில் பியேரோ தெல்லா ஃபிரான்செஸ்காவின் சுவரோவியங்கள்; நேரம் குறித்த டிக்கெட் வாங்கிக்கொண்டால் போதும்.

சியென்னாவுக்கு மட்டும் ஃப்ளோரன்ஸிலிருந்து ரயில் வேண்டாம், பேருந்தில் போங்கள். ரயில் நிலையம் குன்றின் அடியில் இருக்கிறது. பேருந்து ஊரின் மேட்டிலேயே இறக்கிவிடுகிறது. பீசாவும் லூக்காவும் ஒரே நாளில் முடிந்துவிடும். லூக்காவின் கோட்டை மதிலின் மேல் மர நிழலில் ஊரை முழுவதும் சுற்றி நடக்கலாம் என்பதால் அதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பீசாவிலிருந்து வடக்கே ஸ்பெட்சியா பக்கம் போகிறவர்கள் வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். மாஸ்ஸா, கர்ராரா நிலையங்களை நெருங்கும்போது மலை உச்சிகளில் பனி கிடப்பது போல வெள்ளையாகத் தெரிவது பளிங்குக் குவாரி. நம் பக்கத்துப் பெரிய வீடுகளின் முகப்பிலும் பட்டாலையிலும் இத்தாலியப் பளிங்கு என்று சொல்லி மிதித்துப் பழகியவர்களுக்கு அந்த மலையை ஒரு முறை பார்க்கக் கிடைப்பது சந்தோஷம்.

ஃப்ளோரன்ஸிலிருந்து ரோமுக்கு இறங்கும் நாளை ஓர்வியேத்தோவுக்குக் கொடுக்கலாம். ரோமிலிருந்து தனியாகவும் போய்வரலாம், ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி ஆகும். நிலையம் பள்ளத்தில், ஊர் செங்குத்தான பாறையின் தலையில். சாலையைக் கடந்தால் எதிரிலேயே கயிற்றிழுவை ரயில் நிலையம், பழனியில் வின்ச் ஏறிய பழக்கம் உள்ளவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. 1290-இல் தொடங்கிய பேராலயத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். ஊருணியை நம்பி வாழ்ந்த சீமையிலிருந்து போகிறவர்கள் அதோடு புனித பேட்ரிக் கிணற்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி இங்கே வந்த போப் ஏழாம் கிளமென்ட், முற்றுகை வந்தாலும் ஊருக்குத் தண்ணீர் தட்டுப்படக் கூடாது என்று பாறையைக் குடைந்து வெட்டச் சொன்னது. ஆழம் 50 மீட்டருக்கு மேல். சுற்றுச் சுவருக்குள் ஒன்றோடொன்று பின்னிய இரண்டு சுழல் படிக்கட்டுகள், தலா 248 படி; ஒன்றில் இறங்கிய கோவேறு கழுதை தண்ணீர் சுமந்துகொண்டு மற்றொன்றில் ஏறிவிடும், எதிரும் புதிருமாக முட்டிக்கொள்ளாது. முழங்கால் வலி உள்ளவர்கள் மேலே நின்றே எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

ரோமைப் பற்றி எழுதப் புகுந்தால் முடியாது. கொலோசியத்துக்கும் வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்யுங்கள், தேவாலயங்களுக்குப் போகும் நாளில் தோளும் முழங்காலும் மூடிய உடை அணியுங்கள். டெர்மினி நிலையத்தில் நடைமேடை எண்ணோடு எஸ்த் என்று சேர்ந்திருந்தால் அது வெகு தூரம் தள்ளி இருப்பது. முன்கூட்டியே நடக்கத் தொடங்குங்கள்.

நேப்பிள்ஸைப் பற்றிப் பயமுறுத்துகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். பொம்பேயி என்ற பழைய ரோமானிய நகரத்தைப் பார்க்க அதைவிட வசதியான தங்குமிடம் இல்லை. மத்திய நிலையத்தின் கீழ்த்தளத்தில் கரிபால்டி என்ற பெயரில் உள்ள நிலையத்திலிருந்து, சொரெந்தோ போகும் சிர்க்கும்வெசுவியானா ரயிலில் ஏறி, பொம்பேயி ஸ்காவி – வில்லா தேயி மிஸ்தேரி என்ற நிறுத்தத்தில் இறங்குங்கள். வேறு பாதைகளிலும் பொம்பேயி என்று முடியும் நிலையங்கள் உண்டு. அவை இன்றைய ஊருக்குள் போகின்றன. சரியான நிறுத்தத்தில் இறங்கினால் எதிரிலேயே நுழைவாயில். ரயிலில் நெரிசல் அதிகம், பர்ஸையும் பாஸ்போர்ட்டையும் உள்பையில் வையுங்கள். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த அந்த ஊர் நாள் முழுவதும் நடந்தாலும் தீராது; நிழல் மிகக் குறைவு. நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் இப்போது விடுவதில்லை என்பதால் டிக்கெட்டை முன்பே வாங்குங்கள்.

உள்ளே போனதும் வரைபடத்தில் வெத்திகளின் வீட்டைக் (Casa dei Vettii) குறித்துக்கொண்டு நேராக அங்கே போங்கள். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்று, வணிகத்தில் பணம் சேர்த்த இருவருடையதாகக் கருதப்படும் வீடு. நீண்ட காலப் பராமரிப்புக்குப் பிறகு 2023-இல் மீண்டும் திறந்திருக்கிறார்கள். வாசலில் நுழைந்தால் முதல் முற்றம். கூரை நான்கு புறமும் உள்நோக்கிச் சரிந்து, நடுவே திறந்து, மழைத் தண்ணீர் முழுவதும் கீழே உள்ள பளிங்குத் தொட்டியில் விழுகிறது. அந்த முற்றத்தின் இரு பக்கமும், வருகிறவர் கண்ணில் படும்படி, கல் மேடையில் இரும்பும் வெண்கலமும் அறைந்த பணப் பெட்டகங்களை வைத்திருந்தார்கள். அதைத் தாண்டினால் தூண்கள் சூழ்ந்த தோட்டம், அதைச் சுற்றி விருந்து அறைகள். ஆத்தா அந்த முற்றத்தில் நின்று, இது முகப்பு, இது வளவு, இது இரண்டாங்கட்டு என்று நம் செட்டிநாட்டு வீட்டின் பகுதிகளாகவே கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு வந்திருந்தால்கூட இவ்வளவு விரைவில் அந்த வீடு எங்களுக்குப் பிடிபட்டிருக்காது. மறுநாளை நேப்பிள்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு வையுங்கள். பொம்பேயியின் நல்ல ஓவியங்களும் மொசைக்குகளும் அங்கேதான் இருக்கின்றன. ரகசிய அறை என்று பெயர் பெற்ற பகுதியில், 1938-இல் பொம்பேயியில் கிடைத்த இந்தியத் தந்தச் சிற்பம் ஒன்று இருக்கிறது. சாண் அளவு உயரம். லட்சுமி என்று பல காலம் அழைத்தார்கள். யட்சியாக இருக்கலாம் என்று இப்போது கருதுகிறார்கள். எரிமலை வெடிப்பதற்கு முன்னரே அது கடல் கடந்து போய்ச் சேர்ந்திருந்தது.

இனி நிலையங்களில் பயன்படும் சில விஷயங்கள். பலகைகளில் ஊர்ப் பெயர்கள் இத்தாலிய மொழியில் இருக்கும்: ஃப்ளோரன்ஸ் ஃபிரென்ட்சே, வெனிஸ் வெனெட்சியா, நேப்பிள்ஸ் நாப்பொலி. பார்த்தென்ட்சே என்பது புறப்பாடு, அர்ரீவி என்பது வருகை, பினாரியோ என்பது நடைமேடை. நடைமேடை எண் பெரிய நிலையங்களில் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் பலகையில் ஏறும். அதுவரை பதற்றப்பட வேண்டியதில்லை. கதவுகளை நேரத்துக்கு முன்பே மூடிவிடுகிறார்கள் என்பதால் கடைசி நிமிடத்தில் ஓடவும் முடியாது. போர்ட்டர் கிடைப்பார் என்று நம்பாதீர்கள். பழைய வட்டார ரயில்களில் ஏறும் படி உயரமாக இருக்கும். ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி, தாமே தூக்கக்கூடிய எடையில், என்பதை வீட்டிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். டிக்கெட் இயந்திரத்தின் அருகே தானாக வந்து உதவுகிறவர்களை மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

சாப்பாட்டில் சைவர்களுக்குப் பெரிய சிரமம் இல்லை என்றாலும், இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வரும், காய்கறிச் சூப்பில் பன்றிக் கொழுப்பு இருக்கும், எனவே விளக்கமாகக் கேளுங்கள். தக்காளிப் பாஸ்தாவும் மார்கரீட்டா பீட்சாவும் எங்கும் கிடைக்கும். பீசா, லிவோர்னோ பக்கம் கடலை மாவில் சுடும் சேச்சினா மூத்தவர்களுக்குப் பிடித்துவிடும். வீட்டிலிருந்து சீப்புச் சீடை, தேன்குழல், பருப்புப் பொடி கொண்டுபோகலாம். நெய்யும் பால்கோவாவும் கூடாது, வெளியிலிருந்து பால் பொருள்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது. ரயிலில் கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட யாரும் தடுப்பதில்லை. அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, எந்த நாட்டவராயினும், கட்டணம் கிடையாது. பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும்.

ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். பிள்ளைகளின் கோடை விடுமுறையை ஒட்டிப் போகிறவர்கள் ஏப்ரல் 25-உம் மே 1-உம் அங்கே பொது விடுமுறை, கூட்டம் அதிகம் என்பதை மனதில் வையுங்கள். உஃபிட்சி திங்கட்கிழமை மூடியிருக்கும், நேப்பிள்ஸ் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். இந்த இரண்டு நாளையும் முதலில் தாளில் குறித்துக்கொண்டு அப்புறம் ரயில் டிக்கெட்டில் கை வையுங்கள். ஷோப்பெரோ என்று பலகையில் கண்டால் வேலைநிறுத்தம். அதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்கள் ஓடுவதற்கு உத்தரவாதம் உண்டு. விமானம் ரோமிலிருந்து என்றால் நேப்பிள்ஸிலிருந்து அன்றே கிளம்பாமல், கடைசி இரவை டெர்மினிக்கு நடந்து போகும் தூரத்தில் தங்குங்கள். ஃபியுமிச்சீனோ விமான நிலையத்துக்கு லியனார்டோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடத்தில் போகிறது. ரயில் ஓடாத நாளில் நிலையத்தின் வாசலிலிருந்தே விமான நிலையப் பேருந்துகளும் கிளம்புகின்றன.